வெள்ளப் படமும் தறிக்குழியும்

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால், குறிஞ்சிப்பாடி வட்டாரத்துக் கைத்தறி நெசவாளி காலையில் எழுந்ததும் முதற்காரியமாகத் தறிக்குழியைக் குனிந்து பார்ப்பார். வானத்தைப் பார்ப்பது அதன் பிறகுதான். குழியின் அடித்தரை ஈரங்கோத்திருக்கிறதா, மிதியைக் கட்டிய கயிறு நனைந்திருக்கிறதா, ஓரத்து மண் இளகி உதிர்கிறதா என்று பார்த்து, அன்று வேலை உண்டா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்வார். தெருவில் நீர் தேங்கியிராது. வாசற்படியும் உலர்ந்திருக்கும். ஆயினும் குழியில் கணுக்காலளவு நீர் ஊறியிருப்பதுண்டு. அதனை இறைத்துக் கொட்டினால் மாலைக்குள் மறுபடியும் ஊறிவிடும். பூமிக்கடியில் நீர்மட்டம் உயர்ந்துவிட்டபடியால், இரண்டு மூன்றடி ஆழமுள்ள குழி ஒரு சிறு கிணறாகவே ஆகிவிடுகிறது.

இவ்வாறு தறி நின்றுபோன வீட்டை, அந்த ஆண்டின் வெள்ளப் படத்தில் தேடிப் பார்த்தால், அது வர்ணம் பூசாத வெள்ளை இடத்தில்தான் இருக்கும். வெள்ளம் வராத வீடு என்பது அதன் பொருள். படம் வரைந்தவர் பொய் கூறவில்லை. தரைமேல் பரவி நின்ற நீரை வானத்திலிருந்து கண்டு குறிப்பதே அப்படத்தின் வேலை. கீழிருந்து ஊறி வந்த நீர் அதன் கண்ணுக்குத் தென்படுவதில்லை. ஆனால், எந்த ஊருக்கு எச்சரிக்கை, எந்த ஊருக்கு நிவாரணம், எந்தத் தெருவை முதலில் உயர்த்த வேண்டும் என்ற தீர்மானங்கள் யாவும் இன்று படங்களை மேசையில் விரித்து வைத்துக்கொண்டே செய்யப்படுகின்றன. ஆகவே, படத்தில் யார் பிழைப்பு குறிக்கப்பட்டிருக்கிறது, யார் பிழைப்பு விடுபட்டிருக்கிறது என்று ஆராய்வது சங்க அங்கத்தினர்களாகிய நமக்குப் பொழுதுபோக்கான விஷயம் அன்று.

இவ்வாராய்ச்சிக்குக் கடலூர் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய ஆறுகள் யாவும் கடலை அடையும் இடம் இது. தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்திமலைப் பக்கத்தில் தோன்றுவது. கொள்ளிடமோ காவிரி வெள்ளத்தின் வடிகால். மேற்கே எங்கோ பெய்யும் மழை இங்கே வந்து சேருவதால் இதனை வடிகால் மாவட்டம் என்றே அழைக்கிறார்கள். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்த்துவிடும். கிழக்கே வங்காள விரிகுடா. அங்கிருந்து வருவது புயல்.

அண்மைக் காலத்தில் மட்டும் நிகழ்ந்தவற்றைப் பாருங்கள். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் கடற்கோள் வந்தது. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் காலையில் "தானே" புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. காற்றின் வேகம் மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர். 2015 நவம்பர் 9, 10 தேதிகளில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. பரவனாறு கரைமீறிற்று, பண்ருட்டி அருகே விசூர், பெரியகாட்டுப்பாளையம் ஆகிய இடங்களில் ஓடைகள் நொடிப்பொழுதில் பெருகி உயிர்ச்சேதமும் விளைந்தது. 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு "பெஞ்சல்" புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நெடுநேரம் நகராமல் நின்றது. அதன் பெருமழை விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் கொட்டிற்று. டிசம்பர் 2-ஆம் நாள் அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. மழை பெய்த இடம் வேறு. தென்பெண்ணைக் கரையில் வயலை இழந்தவர்கள் வேறு.

கடற்கோள், காற்று, உள்ளூர் மழை, தொலைவிலிருந்து வந்த ஆற்றுவெள்ளம் என இருபது ஆண்டுகளில் இந்நான்கும் வந்துபோயின. அடித்த இடமும் நால்வேறு. இதனை ஒரே படத்தில் அடக்குவது எளிதா?

படங்கள் இல்லாமலில்லை. மத்திய அரசின் கட்டடப் பொருள்கள் மற்றும் தொழில்நுட்ப மேம்பாட்டுக் குழுமம் 1997-இல் இந்தியா முழுமைக்கும் ஓர் அபாயப் படத்தொகுப்பை வெளியிட்டது. 2006-இலும் 2019-இலும் அது திருத்தி வெளியிடப்பட்டது. நிலநடுக்கம், காற்று, வெள்ளம் ஆகியவற்றை மாவட்டவாரியாகக் குறித்ததோடு நில்லாமல், மக்கட்கணக்கெடுப்பின் விவரங்களைக் கொண்டு, மண்சுவர் வீடு எத்தனை, செங்கற்சுவர் வீடு எத்தனை, கூரை எத்தகையது, எந்த அபாயத்தில் எவை எந்த அளவுக்குச் சேதமுறும் என்ற அட்டவணைகளையும் அது தந்தது. இயற்கையின் சீற்றத்தோடு மனிதன் குடியிருக்கும் சுவரையும் சேர்த்துக் கணக்கெடுத்தது பெரிய முன்னேற்றமே. எனினும், அது சுவரையும் கூரையையும் எண்ணியதேயன்றி, சுவருக்குள் தறி இருக்கிறதா, நெல் மூட்டை இருக்கிறதா என்று எண்ணவில்லை. அதன் அளவு மாவட்டம். அதில் கடலூர்க் கடற்கரை நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகக் காற்றை எதிர்பார்த்துக் கட்டடம் கட்டவேண்டிய பகுதியாகக் காட்டப்பட்டிருக்கிறது. பொறியாளருக்கு அது போதும். முந்திரித் தோப்பு வைத்திருப்பவருக்குப் போதாது.

தமிழக அரசும் ஆபத்துக்கு இலக்காகும் இடங்களை மிக அதிகம், அதிகம், நடுத்தரம், குறைவு என நான்காக வகுத்து, மழைக்கு முன்னரே பட்டியலிட்டு வைக்கிறது. இது ஊர், தெரு அளவுக்கு இறங்கி வருவதால் பயனுள்ளது. மக்களை எங்கிருந்து எங்கே கொண்டுசெல்வது என்பதற்கு இதுவே வழிகாட்டி. உயிரைக் காக்கும் படம் என்று இதனைச் சொல்லலாம். 2004-க்கு முன்னரே, ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டத் துணையோடு மத்திய அரசு நடத்திய பேரிடர்த் தடுப்புத் திட்டத்தில், இம்மாவட்டத்துச் சாமியார்பேட்டைக் கடற்கரை மக்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டிருந்தது. கடற்கோள் வந்த அன்று அப்பயிற்சி உயிர் காக்க உதவியதை யாரும் மறக்கலாகாது. நாம் இங்கே கேட்பது அதற்கு அடுத்த கேள்வி: உயிர் பிழைத்தவன் மறுநாள் எதைக்கொண்டு பிழைப்பான்?

வெள்ளம் வந்தபின் எடுக்கும் படம் வேறு வகை. ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள்களின் துணையால் நீர் பரவிய நிலங்களைக் குறித்து வெளியிடுகிறது. சாதாரணக் கண்ணுக்கு மழைமேகம் மறைக்கும். ரேடார் அலைக்கு மேகம் தடையன்று. கதிரலை அனுப்பித் திரும்பி வருவதைக் கொண்டு நிலம் எது, நீர் எது என்று பிரிக்கிறார்கள். மட்டமான நீர்ப்பரப்பு அலையை வேறு திசையில் தள்ளிவிடுவதால் அது படத்தில் கறுப்பாக விழும். வியக்கத்தக்க வேலைதான். ஆனால் நமது மாவட்டத்தில் இதற்கு இரண்டு இடையூறுகள் உள.

ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் சம்பா வயல் முழுவதும் நீர் நிற்பதே இயல்பு. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் நடவு முடிந்து பயிர் இன்னும் குட்டையாக நிற்கும் வயலும், வெள்ளத்தில் மூழ்கிய வயலும் மேலிருந்து பார்த்தால் ஏறக்குறைய ஒன்றே. முந்தைய படத்தோடு ஒப்பிட்டே வேறுபாடு காணவேண்டும். விவசாயிக்கோ அவ்விரண்டுக்கும் உள்ள தூரம் ஓராண்டுச் சோறு. மற்றொன்று, செயற்கைக்கோள் தன் சுற்றில் நம் தலைக்குமேல் வரும் நேரம் அதற்குரியது. நம் வெள்ளத்தின் நேரம் அன்று. விசூரில் வந்ததுபோன்ற ஓடைவெள்ளம் சில மணி நேரத்தில் வந்து சென்றுவிடும். கோள் வரும்போது அங்கே சேறு மட்டுமே இருக்கும். 2024-இல் தென்பெண்ணை வெள்ளம் வடிந்த பிறகு கரையோர வயல்களில் மணல் மேடிட்டுக் கிடந்தது. நீர் வடிந்துவிட்டது என்று படம் கூறும். நிலமும் போய்விட்டது என்பதை வயலில் இறங்கி நடப்பவரே அறிவர்.

பரவனாற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் ஓடுவது மழைநீர் மட்டுமன்று. நெய்வேலிச் சுரங்கங்களிலிருந்து இறைக்கப்படும் நீரும் அதன் வழியே பெருமாள் ஏரிக்கு வருகிறது. கோடையில் இந்நீர் பாசனத்துக்கு உதவுவதை ஏரிப் பாசனதாரர்கள் மறுப்பதில்லை. மழைக்காலத்தில் ஏரியும் ஆறும் முன்னரே நிறைந்திருந்தால், கல்குணம், பூதம்பாடி போன்ற தாழ்ந்த ஊர்களுக்கு மழை கொஞ்சம் மிஞ்சினாலும் தொல்லை. ஆகவே, மழையளவை மட்டும் கொண்டு இங்கே அபாயத்தைக் கணிப்பது கூடாது.

இனிக் காற்றின் கதை. பண்ருட்டி வட்டாரத்துச் செம்மண் மேடு வெள்ளப் படத்தில் பெரும்பாலும் வெள்ளைதான். நீர் தங்காத நிலம் என்றுதான் அங்கே முந்திரியும் பலாவும் வைத்தார்கள். 2011-இல் தானே அடித்தபோது அந்தப் பாதுகாப்பான மேடே அழிந்தது. பாட்டனார் காலத்துப் பலாமரங்கள் வேரோடு சாய்ந்தன. முந்திரித் தோப்புகள் விறகுக்காடாயின. ஒரு போகம் நெல் போனால் அடுத்த ஆடியில் மறுபடி விதைக்கலாம். கடன் ஏறும், வயிறு வாடும். ஆனால் ஓராண்டில் ஒரு மறுவாய்ப்பு உண்டு. முந்திரி ஒட்டுக்கன்று மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கினாலும் முழுப் பலன் தர ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். விதையிட்டு வளர்த்த பலா காய்க்கத் தொடங்குவதற்கே அவ்வளவு காலம் வேண்டும். மகளைக் கட்டிக்கொடுக்கத் தோப்பை நம்பியிருந்த குடும்பத்திற்கு இது என்ன கணக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

மரம் யாருடையது என்பதோடும் நஷ்டம் முடிவதில்லை. தோப்பின் பலனை ஆண்டுக்குத் தொகை பேசிக் குத்தகைக்கு எடுத்தவர் உண்டு. முன்பணம் கொடுத்திருப்பார், பட்டாவில் அவர் பெயர் இராது. கொட்டை உடைத்தும் பருப்பின் தோல் உரித்தும் கூலி பெறும் பெண்கள் ஊர்தோறும் உண்டு. வெளிநாட்டுக் கொட்டையும் இப்போது இங்கே வந்து உடைபடுவதால் சிலருக்கு வேலை தொடர்ந்தது. தோப்பில் பொறுக்கும் வேலையை நம்பியிருந்தவர்களுக்குத் தொடரவில்லை. சேதத்தை மதிப்பிட வந்தவர்கள் சாய்ந்த மரத்தை எண்ணினார்கள். எண்ண வேண்டியதுதான். சாய்ந்த கூலியை எண்ணுவதற்குப் படிவத்தில் இடமில்லை.

தறிக்குழிக்குத் திரும்புவோம். குழித்தறியில் ஈரம் எப்போதும் பகையன்று. பங்குனி சித்திரையில் குழியிலிருந்து வரும் குளிர்ச்சியே பருத்திப் பாவை அறுபடாமல் காக்கிறது. அதனாலேயே பலர் சட்டத்தறிக்கு மாறத் தயங்குகிறார்கள். அதே ஈரம் மழைக்காலத்தில் எல்லை மீறினால், விழுது தளர்கிறது, அச்சு துருவேறுகிறது, மிதி உளுத்துப்போகிறது. தறியில் ஏறிய பாவு நனைந்தால் பசை கரைந்து இழை பிசுபிசுக்கும். லுங்கிப் பாவாயிருந்தால் ஒரு வர்ணம் மற்றொன்றில் இறங்கிக் கறைபடும். அத்துணியைச் சங்கம் இரண்டாந்தரம் என்றுதான் எடுத்துக்கொள்ள முடியும். அன்றியும், தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்ப்பதற்கு வெயில் வேண்டும். அடைமழையில் அது நடவாது. ஆகக் குழியில் நீரே ஊறாத வீட்டிலும், தோய்த்த பாவு கிடைக்காமல் தறி நிற்கும். இதற்கிடையில் சங்கத்திலிருந்து வாங்கிய நூல் நெசவாளியின் பெயரில் பற்று எழுதப்பட்டிருக்கிறது. நூல் நனைந்தாலும் பற்று நனைவதில்லை.

ஓர் ஆண்டில் ஐம்பது நாள் தறி நிற்பது, ஒரு பெருவெள்ளத்தில் மூன்று நாள் வீடு மூழ்குவதைவிடக் குடும்பத்துக்குக் கூடுதலான நஷ்டமாய் முடியலாம். பெருவெள்ளத்துக்கு அமைச்சர் வருவார், படம் வரும், நிவாரணம் வரும். ஊற்றுநீருக்கு எவரும் வருவதில்லை. இதில் யார்மீதும் குறை கூறிப் பயனில்லை. நாமும் இதனைக் கணக்கெழுதி எவரிடமும் காட்டியதில்லை.

நிவாரண விதிகளைச் சிறிது கவனியுங்கள். பேரிடர் நிவாரண நிதிக்காக மத்திய அரசு வகுத்த விதிகளில், 2015 முதல், பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் இடுபொருள் உதவி என்று இருக்கிறது. வயலில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்தால் அதனை அகற்றத் தனி உதவி உண்டு. அதே விதிகளில் கைத்தறி, கைவினைத் தொழிலாளருக்கும் இரண்டு இனங்கள் உள என்பதை நம் அங்கத்தினரில் பலர் அறியார். சேதமான கருவிக்கு ஒன்று. சேதமான நூல், தறியிலிருக்கும் அரைகுறைத் துணி, நெய்து முடித்த துணி ஆகியவற்றுக்கு மற்றொன்று. இரண்டிற்கும் அரசு குறித்த அதிகாரியின் சான்று வேண்டும். நீர் வடிந்து பத்து நாள் கழித்து வரும் அதிகாரி, உலர்ந்த குழியைப் பார்த்து எதைச் சான்றளிப்பார்? நாள் குறித்த பதிவு ஒன்று இருந்தாலன்றி, விதி இருந்தும் நமக்கு எட்டாது.

அந்தப் பதிவையே படமாக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வேண்டுகோள். அதற்குச் செயற்கைக்கோள் வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராமப் படம் இருக்கிறது. புல எண்களோடு எல்லைகள் வரையப்பட்டிருக்கின்றன. அதன் பிரதி ஒன்றை வாங்கிச் சங்கக் கட்டடத்தில் சுவரில் மாட்டுங்கள். முதல் வேலையாக, 2015-இல் நீர் எட்டிய உயரத்தை வீடுவீடாகக் கேட்டுக் குறியுங்கள். கறை இன்னும் சில சுவர்களில் தெரியும். வெள்ளையடித்தவர் வீட்டிலும் கிழவிகளுக்கு நினைவிருக்கும். ஜன்னலின் அடிக்கட்டை வரை என்பார்கள், நெற்குதிரின் பாதி என்பார்கள். அதையே அளந்து அடிக்கணக்காக எழுதிக்கொள்ளலாம். நீர் எந்தச் சந்தின் வழியாக வந்தது, எந்த மதகு அடைபட்டிருந்தது என்றும் கேளுங்கள். இதில் இருவர் கூறுவது முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள்.

அதன்மேல் தறிகளைக் குறிக்க வேண்டும். குழித்தறி, சட்டத்தறி வேறுவேறு குறி. சொந்த வீடா, வாடகை வீடா என்பது மிக முக்கியம். வாடகைக் குடியிருப்பவர் பெயரே நிவாரணப் பட்டியலில் முதலில் விடுபடுவது. வேளாண்மைச் சங்கமாயின் பட்டாதாரர் பெயரோடு உண்மையில் பயிரிடுபவர் பெயரையும், மரத்தின் வயதையும், தோப்புக் குத்தகைதாரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு, மழை தொடங்கிய நாள் முதல், எந்த வீட்டில் எந்த நாளில் குழியில் நீர் ஊறியது, எத்தனை நாள் தறி நின்றது, எந்த வயலில் எத்தனை நாள் நீர் நின்றது என்று ஒரு நோட்டில் எழுதிவருவது. செயலாளர் ஒருவரால் இது முடியாது. தெருவுக்கு ஒருவர், அதிலும் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள், ஏற்றால் முடியும். கையிலுள்ள செல்போனில் நாளும் நேரமும் பதியுமாறு ஒரு புகைப்படம் எடுத்துவைத்தால் பின்னால் சான்றுக்கு உதவும்.

மூன்று ஆண்டு இப்படி எழுதினால், எந்தத் தெருவில் நீர் ஊறுவது வழக்கம், எந்தத் தெருவில் அபூர்வம் என்பது தெரியவரும். தறிமேடையை ஓரடி உயர்த்துவதா, குழியின் சுவருக்குச் சிமெண்டு பூசி அடியையும் அடைப்பதா, சட்டத்தறிக்கு மாற்றுவதா என்று அங்கத்தினருக்கு அங்கத்தினர் வேறாகத் தீர்மானிக்கலாம். எல்லோருக்கும் ஒரே திட்டம் என்று பணத்தை வாரியிறைப்பதைவிட இது சிக்கனம். சிமெண்டுக் குழியில் கோடைக்குளிர்ச்சி குறையுமே என்ற ஆட்சேபம் உண்டு. அது நியாயமான ஆட்சேபம். மேட்டுத்தெருக்காரர் அதற்குச் செலவிடவே வேண்டியதில்லை என்பதையும் படமே காட்டும்.

இத்தகைய படத்துக்கு எதிர்ப்பும் உண்டாகும். "என் தெருவைச் சிவப்பாக்கிவிட்டால் மனை விலை போகாது, வங்கியில் கடன் கேட்டால் உன் வீடு வெள்ளப் பகுதி என்று கைவிரிப்பார்கள்" என்று அங்கத்தினர் சிலர் சொல்லக்கூடும். இந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. படம் எப்போதும் ஏழைக்கே உதவும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆபத்தான இடம் என்று பெயரிட்டுக் குடியிருப்பவரை அகற்றவும் அதனைப் பயன்படுத்தலாம். ஆகையால், படம் சங்கத்தின் சொத்தாக இருக்க வேண்டும். வெளியே கொடுப்பது பொதுக்குழுத் தீர்மானத்தின்பேரில் நடக்க வேண்டும். தனி வீட்டுப் பெயர்கள் உள்ள நோட்டு வேறு, தெரு அளவில் காட்டும் படம் வேறு என்று வைத்துக்கொள்வது நல்லது. கடன் விஷயத்தில் நமது சங்கங்கள் ஆளைப் பார்த்துக் கொடுப்பவை. தவணை கட்டும் மாதத்தைக் கார்த்திகையில் வையாமல் தை, மாசிக்குத் தள்ளிக்கொடுக்க இப்படம் காரணமாகுமானால், சிவப்புத் தெருக்காரரே முதலில் கையொப்பம் இடுவார்.

வேலையை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், சங்கத்தின் சொந்தக் கட்டடத்திலிருந்தே தொடங்கலாம். நூல் கிடங்கின் தரைமட்டம் 2015-ஆம் ஆண்டுக் கறைக்கு மேலா, கீழா என்று ஒரு நூற்குண்டைத் தொங்கவிட்டு அளந்து பாருங்கள். கீழே இருக்குமாயின், ஆவணி முடிவதற்குள் சிட்டங்களை மேல் அடுக்குக்கு ஏற்றியாக வேண்டும். பற்று வரவுப் புத்தகங்களையும் கூட.